வெள்ளி நடந்த கண்ணாடிகள்

சில நொடிகளே ஓடும் ஒரு படம். ஒலி கிடையாது, நிறம் கிடையாது. திரையில் சூரியன், அதன் முகத்தில் ஒரு கரும்புள்ளி. புள்ளி நகர்ந்து சூரியனின் ஓரத்துக்குப் போகிறது, விளிம்பைத் தொடுகிறது, வெளியேறிவிடுகிறது. கைப்பேசியை மொட்டைமாடிச் சுவரில் சாய்த்துவைத்து மேகம் ஓடுவதையும் விண்மீன்கள் சுழல்வதையும் டைம்லாப்ஸ் எடுத்துவிடும் காலத்தில் இதற்கு என்ன சிறப்பு என்று தோன்றலாம். அந்தப் புள்ளி வெள்ளிக் கோள். அது சூரியனைக் கடந்த நாள் 1882 டிசம்பர் 6. லூமியேர் சகோதரர்கள் பாரிசில் கட்டணம் வாங்கிக்கொண்டு சினிமா காட்டியது 1895-இல். அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வான நிகழ்வு சட்டகம் சட்டகமாகப் பதிவாகி, ஒரு மலையுச்சியில் 120 ஆண்டுகள் கிடந்து, அதன் பிறகுதான் ஓடத் தொடங்கியது.

அந்தப் பதிவு 147 கண்ணாடித் தகடுகளில் இருந்தது. எடுத்தவர் அவற்றை ஓடவிட்டுப் பார்ப்பதற்காக எடுக்கவில்லை. ஒரு தூரத்தை அளக்க எடுத்தார். அளவை வேலையில் அவற்றுக்கு இருந்த மதிப்பு சில பத்தாண்டுகளில் தீர்ந்துபோனது. வேலை தீர்ந்த பொருளை யாரும் தூக்கிப்போடாததால்தான் இன்று நாம் அந்த நாளைப் பார்க்கிறோம்.

சூரியன் எவ்வளவு தூரம்?

வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் நேர்நடுவே வந்து சூரியனின் முகத்தைக் கடப்பது மிக அரிது. எட்டாண்டு இடைவெளியில் இரண்டு முறை நடக்கும். பிறகு நூறாண்டுக்கு மேல் நடக்காது. 1761, 1769, 1874, 1882, 2004, 2012. அடுத்தது 2117.

இந்த அரிய நிகழ்வுக்கு ஒரு பெரிய பயனைக் கண்டுசொன்னவர் எட்மண்ட் ஹாலி. எந்தக் கோள் சூரியனிலிருந்து எத்தனை மடங்கு தள்ளி இருக்கிறது என்ற விகிதம் அப்போதே தெரியும். மைல் கணக்குதான் தெரியாது. பூமியில் வெகுதூரம் விலகிய இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் பார்த்தால், வெள்ளி சூரியன்மேல் சற்றே இடம் மாறித் தெரியும். அந்தச் சிறு மாற்றத்தை அளந்துவிட்டால் முக்கோணக் கணக்கில் சூரியனின் தூரம் கிடைத்துவிடும். ஹாலி இதை 1716-இல் விளக்கமாக எழுதினார். அடுத்த கடப்பு வரும்போது தாம் இருக்கமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். பின்வருபவர்களுக்காகவே எழுதினார்.

பின்வந்தவர்கள் உலகெங்கும் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவரான பிரெஞ்சு வானியலர் லெ ழான்தி வர விரும்பிய ஊர் புதுச்சேரி. 1761-இல் அவர் கடலில் இருக்கும்போதே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது. ஆடும் தளத்திலிருந்து அவர் பார்த்த காட்சி எந்தக் கணக்குக்கும் உதவவில்லை. ஊர் திரும்பாமல் இந்தியப் பெருங்கடற்பகுதியிலேயே எட்டாண்டு தங்கி, 1769-இல் புதுச்சேரியில் கருவிகளோடு காத்திருந்தார். கடப்பு நடந்த காலையில் மேகம் சூரியனை மூடிவிட்டது. அவரது கதையை விதியின் கொடுமை என்று சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ஒரு மனிதன் ஒரே கண்ணால், ஒரே நொடியில் பார்த்துத்தான் தீர வேண்டும் என்றிருந்த காலத்தின் கதை அது.

பார்க்க வாய்த்தவர்களுக்கும் சிக்கல் இருந்தது. வெள்ளியின் வட்டம் சூரியனின் விளிம்பைத் தொடும் நொடியைக் குறிக்க வேண்டும். அந்த நொடியில் இரண்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு துளி இழுபட்டு நிற்பதுபோல் தெரிந்தது. ஒரே இடத்தில் நின்று பார்த்த இருவர் வெவ்வேறு நொடிகளை எழுதினார்கள். அதனால் தூரக் கணக்கில் ஐயம் நீடித்தது.

1874-இல் அடுத்த கடப்பு வந்தபோது ஒளிப்படக் கலை வளர்ந்திருந்தது. கண்ணை நம்ப வேண்டாம், தகடு பார்க்கட்டும், பிறகு நிதானமாக அளந்துகொள்வோம் என்று வானியலர்கள் முடிவெடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று கடப்பு இந்தியாவில் முழுதாகத் தெரிந்தது. சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, மக்கள் புரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் அதைப் பற்றிச் சிறுநூல் வெளியிட்டார்.

அதே நாளில் ஜப்பானின் நாகசாகியில் பிரெஞ்சு வானியலர் பியர் ழான்சென் ஒரு புதிய கருவியை வைத்திருந்தார். கடிகாரப் பொறியால் சுழலும் வட்டத் தகடு. ஒன்றரை நொடிக்கு ஒரு படம். 72 நொடியில் 48 படங்கள். சுழல்துப்பாக்கியின் அமைப்பை ஒத்திருந்ததால் ஒளிப்படச் சுழல்துப்பாக்கி என்றே பெயர் பெற்றது. வெள்ளி விளிம்பைத் தொடும் நொடியைத் தவறவிடாமல் பிடிப்பது அதன் நோக்கம். விட்டுவிட்டு நகர்ந்து, நின்று, படமெடுத்து, மீண்டும் நகரும் அந்த ஏற்பாடு பின்னாளில் சினிமாக் கருவிகளின் அடிப்படையாயிற்று. ழான்சென் எடுத்ததாக இன்று இணையத்தில் உலவும் காட்சி உண்மையான கடப்பு அன்று. ஒத்திகைக்காக மாதிரி வட்டங்களை வைத்து எடுத்த தகடாகவே இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே, கடப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் பார்க்க வேண்டுமானால் நாம் 1882-க்குத்தான் வர வேண்டும்.

மலைமேல் ஒரு நாள்

1874-இன் படங்கள் பலருக்கு ஏமாற்றமாக முடிந்தன. பெரிதாக்கும் லென்சு வழியாக எடுத்த படங்களில் சூரியனின் விளிம்பு மங்கியும் கோணியும் இருந்தது. ஐரோப்பிய நாடுகள் ஏறக்குறைய ஒளிப்படத்தைக் கைவிட்டன. அமெரிக்கர்கள் கைவிடவில்லை. அவர்களது அமைப்பு வேறு. தொலைநோக்கியைத் தூக்கிச் சூரியனை நோக்கித் திருப்புவதற்குப் பதிலாக, அதைத் தரைக்கு இணையாகப் படுக்கவைத்தார்கள். ஹீலியோஸ்டாட் எனும் சமதளக் கண்ணாடி கடிகாரப் பொறியால் மெல்லத் திரும்பிச் சூரிய ஒளியை ஒரே திசையில் அனுப்பிக்கொண்டே இருக்கும். லென்சைக் கடந்து 40 அடி பயணம் செய்யும் அந்த ஒளி, இருட்டறைக்குள் இருக்கும் தகட்டில் விழும். நடுவே வேறு லென்சு இல்லாததால் கோணல் இல்லை. லென்சுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரத்தை அளவுகோல் வைத்து நேரடியாகவே அளந்துவிடலாம். இதைச் செய்தவர்கள் மாசசூசெட்ஸின் ஆல்வன் கிளார்க் குடும்பத்தார். அக்காலத்தில் உலகின் தலைசிறந்த லென்சுகளைத் தேய்த்தவர்கள்.

அத்தகைய கருவி ஒன்று கலிபோர்னியாவின் ஹாமில்டன் மலைக்குப் போனது. சான் ஹோசே நகருக்குக் கிழக்கே, சுமார் 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை. பியானோ செய்பவராகத் தொடங்கி, சான் பிரான்சிஸ்கோவில் நிலம் வாங்கிப் பெருஞ்செல்வரான ஜேம்ஸ் லிக், உலகின் மிகப்பெரிய தொலைநோக்கியை அமைக்க 7 லட்சம் டாலரை ஒதுக்கிவிட்டு 1876-இல் காலமானார். அவரது அறங்காவலர்கள் அங்கே வானாய்வகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாரம் ஏற்றிய குதிரைவண்டிகள் ஏறுவதற்காகச் சரிவைக் குறைத்து, வளைவுமேல் வளைவாகப் போட்ட பாதை வழியே கருவியும் கண்ணாடியும் மேலே சென்றன. பெரிய தொலைநோக்கி வந்து வானாய்வகம் முழுமை பெற இன்னும் ஆறாண்டுகள் இருந்தன. ஆனால் வெள்ளி காத்திருக்காது.

அறங்காவலர்கள் அழைத்தவர் டேவிட் பெக் டாட். வயது 27. ஆமெர்ஸ்ட் கல்லூரியில் வானியல் ஆசிரியர். நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு வந்து, கருவியைப் பொருத்தி, நேர்செய்து, அந்த ஒரு நாளுக்காக ஆயத்தமானார். டிசம்பர் கலிபோர்னியாவில் மழைக்காலம். லெ ழான்திக்கு நேர்ந்தது இவருக்கும் நேர எல்லா வாய்ப்பும் இருந்தது.

டிசம்பர் 6 அன்று வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. அந்த மலையிலிருந்து கடப்பின் தொடக்கத்தைப் பார்க்க முடியாது; சூரியன் எழுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்பே வெள்ளி உள்ளே நுழைந்துவிட்டது. கிழக்கே சூரியன் எழும்போதே அதன் முகத்தில் புள்ளி இருந்தது. அதிலிருந்து நண்பகல் வாக்கில் வெள்ளி வெளியேறும்வரை, சுமார் ஐந்து மணி நேரத்துக்குள், 147 தகடுகள். தகடு மாற்றுவது, ஒளி பாய்ச்சுவது, நேரம் குறிப்பது, அடுத்த தகட்டை வைப்பது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. இன்றைய டைம்லாப்ஸ் கலைஞர், குறித்த இடைவெளியில் கேமராவைத் தானாக இயக்கும் இன்டர்வெலோமீட்டரிடம் ஒப்படைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் வேலை இது. அன்று மனிதக் கைகள் பிசகாமல் செய்தன.

தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் என்ன தெரியும்? 40 அடி குவியத்தூரத்துக்குச் சூரியன் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் அகலத்தில் விழும். வெள்ளியின் அகலம் அதில் முப்பதில் ஒரு பங்கு. ஒரு மிளகைவிடச் சிறியது. இவை நெகட்டிவ் தகடுகள். ஆகவே ஒளிவீசும் சூரியன் இதில் கறுத்திருக்கும். இருண்ட வெள்ளி கண்ணாடியாகவே தெளிந்து நிற்கும். 1882-இல் வெள்ளி மறைத்த இடத்தில் ஒளி விழவில்லை. விழாததாலேயே அங்கே கண்ணாடி வெறுமையாக நின்றுவிட்டது. தகட்டுக்கு முன்னால் மெல்லிய கட்டங்கள் பொறித்த ஒரு கண்ணாடியும், கொத்தனார் சுவருக்குப் பிடிப்பதுபோல ஒரு தூக்குநூலும் இருக்கும். அந்தக் கோடுகளும் நூலும் படத்தில் சேர்ந்தே பதியும். எது மேல், எது கீழ், எத்தனை தூரம் என்பதற்கு அவை சாட்சி.

அழகுக்காக இதில் எதுவும் இல்லை. எல்லாம் அளவைக்காக. ஆனால் ஒரு நல்ல டைம்லாப்ஸுக்கு வேண்டிய மூன்றும் இதில் சேர்ந்திருக்கின்றன: அசையாத நிலை, தொடர்ந்த இடைவெளி, ஒவ்வொரு சட்டகத்துக்கும் நேரம். டாட் எண்ணியிராத ஒரு பொருள் அவர் கையில் உருவாகிவிட்டது.

வேலை முடிந்த பிறகு

அமெரிக்கக் குழுக்கள் 1882-இல் தென்னாப்பிரிக்கா, படகோனியா, சிலி, நியூசிலாந்து வரை போயிருந்தன. கிடைத்த படங்கள் ஆயிரத்துக்கு மேல். அவற்றை நுண்ணளவியில் வைத்து அளந்து கணக்கிடும் வேலை வில்லியம் ஹார்க்னஸ் தலையில் விழுந்தது. பல ஆண்டு உழைப்புக்குப் பின் சூரியனின் தூரம் சுமார் 9 கோடியே 28 லட்சம் மைல் என்று அவர் முடிவுகொண்டார். இன்று நாம் அறிந்த அளவு ஏறக்குறைய 9 கோடியே 30 லட்சம் மைல், அதாவது 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டர். மிக நல்ல விடைதான்.

ஆனால் காலம் அந்த முறையைத் தாண்டிப் போய்விட்டது. 1898-இல் ஈராஸ் என்ற சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. பூமிக்கு மிக அருகே வருவதால் அதைவைத்து இன்னும் துல்லியமாகக் கணக்கிட முடிந்தது. 1961-இல் வெள்ளியை நோக்கி ரேடார் அலைகளை அனுப்பி, அவை மோதித் திரும்பும் நேரத்தை வைத்தே தூரத்தைக் கணித்துவிட்டார்கள். இருநூறு ஆண்டுகள் கப்பலேறிக் கேட்ட கேள்விக்கு வெள்ளியே எதிரொலியில் விடை தந்துவிட்டது. இனி எந்த வானியலருக்கும் 1882-இன் கண்ணாடித் தகடு தேவைப்படவில்லை.

தேவைப்படாத கண்ணாடி என்ன ஆகும்? கண்ணாடி கனமானது; இடத்தை அடைக்கும்; விழுந்தால் நொறுங்கும். அமெரிக்கக் குழுக்கள் உலகெங்குமிருந்து கொண்டுவந்த அத்தனை தகடுகளில் எஞ்சியவை மிகச் சில. ஹாமில்டன் மலையின் தகடுகள் பிழைத்ததற்குக் காரணம், அவை ஒரு வானாய்வகத்தின் சொந்தச் சேமிப்பாக அங்கேயே தங்கிவிட்டதுதான். பின்வந்த பத்தாண்டுகளில் லிக் வானாய்வகம் வான ஒளிப்படத்தில் பெயர்பெற்ற இடமாயிற்று. ஆயிரக்கணக்கான தகடுகள் அங்கே குவிந்தன. அவற்றைப் பாதுகாக்கும் காப்பறையில் இவையும் இருந்தன. வானாய்வகத்தின் தலைவர்கள் மாறினார்கள், கருவிகள் மாறின. பெட்டிகளை யாரும் அப்புறப்படுத்தவில்லை. பெரிய சாகசம் எதுவும் இதில் இல்லை; பல தலைமுறைப் பணியாளர்களின் ஒழுங்கு மட்டுமே இருக்கிறது. அந்த ஒழுங்குக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

தகடுகள் உள்ளே கிடந்த காலத்தில் வெளியே அசையும் படம் பிறந்து வளர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அது பிறந்த இடம் அந்த மலையிலிருந்து அதிகத் தூரமில்லை. சாண்டா கிளாரா பள்ளத்தாக்கின் மறுபுறம், பாலோ ஆல்டோவின் குதிரைப் பண்ணையில் 1878-இல்தான் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையைப் படமெடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்து வரைந்தவற்றைச் சுழற்றித் திரையில் ஓடவிட்டும் காட்டினார். டாட் மலையேறிய அதே 1882-இல், பிரான்சில் எத்தியென்-ழூல் மரே, ழான்சென் கருவியைப் பின்பற்றிப் பறவைகளின் சிறகடிப்பைப் பிடிக்க ஒளிப்படத் துப்பாக்கி செய்தார். 1895 ஜூனில் லியோன் நகரருகே ஒளிப்படச் சங்கங்களின் மாநாட்டுக்கு வந்தவர்களை லூமியேர் படம்பிடித்தபோது, படகிலிருந்து இறங்கியவர்களில் முதுமை எய்திய ழான்சென்னும் இருந்தார். வெள்ளிக்காகத் தாம் தொடங்கிய கருவியின் வழித்தோன்றல் தம்மையே படமெடுப்பதை அவர் கண்டார்.

டாட் பின்னாளில் முழுச் சூரிய மறைப்புகளைத் தேடி ஜப்பான், மேற்கு ஆப்பிரிக்கா, கிழக்கிந்தியத் தீவுகள் என்று அலைந்தார். பெரும்பாலும் மேகமே எதிர்கொண்டது. 1889-இல் அங்கோலாக் கடற்கரைக்குப் போனபோது, துளையிட்ட காகிதச் சுருளாலும் காற்றழுத்தத்தாலும் பல கேமராக்களைத் தாமாகவே இயக்கும் அமைப்பைக் கொண்டுபோனார். மனிதர் கைவைக்காமல், வகுத்த வரிசையில், வகுத்த நேரத்தில் படங்கள் விழ வேண்டும். இன்டர்வெலோமீட்டரின் முன்னோடிகளில் ஒன்று என்று அதைச் சொல்லலாம். அன்றும் மேகம் மூடியது. வாழ்நாள் முழுக்க மேகத்தோடு போராடிய அந்த மனிதருக்கு முழுதாய்த் தெளிந்து கிடைத்த அந்த நாள், பெட்டிக்குள் அசையாமல் கிடந்தது. 1939-இல் அவர் மறைந்தார். தம் தகடுகள் ஓடுவதை அவர் பார்க்கவே இல்லை.

பெட்டி திறந்தது

2004 ஜூன் கடப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய கடப்புகளைப் பற்றி ஆராய்ந்தவர்களில் ஒருவர் வில்லியம் ஷீஹன். தொழிலால் மனநல மருத்துவர், ஈடுபாட்டால் வானியல் வரலாற்றாசிரியர். இன்னொருவர் லிக் வானாய்வகத்தில் பணியாற்றிய அந்தோணி மிஷ். 2002-இல் இருவரும் டாட் எடுத்த தகடுகளைத் தேடிப்போனார்கள். 147 தகடுகளும் மலைமேல் அந்தக் காப்பறையிலேயே, நல்ல நிலையில் இருந்தன. இத்தனை நெருக்கமான வரிசையை அடுக்கினால் அது ஓடும் என்று அவர்கள் உணர்ந்தார்கள். 120 ஆண்டுகளில் தகடுகளை எத்தனையோ பேர் கடந்துபோயிருப்பார்கள். அவற்றைத் தனித்தனிப் படங்களாகப் பார்க்காமல் ஒரே இயக்கமாகப் பார்க்க, சினிமாவும் கணினியும் பழகிய கண் தேவைப்பட்டது.

அடுக்குவது எளிதன்று. ஒவ்வொரு தகட்டிலும் சூரியன் சற்றே தள்ளி விழுந்திருக்கும். ஹீலியோஸ்டாட் வழியாக வரும் உருவம் நேரம் போகப்போகத் தன்னையே சுற்றித் திரும்பவும் செய்யும். அத்தனை வட்டங்களையும் ஒரே நடுப்புள்ளியில் நிறுத்தி, ஒரே திசைக்குத் திருப்பினால்தான் வெள்ளியின் நடை நேராக வரும். தூரம் அளக்க ஏற்படுத்திய கட்டக்கோடும் தூக்குநூலும் இதற்குத் துணை நிற்கக்கூடியவை. ஒரு காலத்தின் கவனம் இன்னொரு காலத்தின் தேவைக்கு எப்படிக் கைகொடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

2003 ஜூலையில் சிட்னியில் நடந்த பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பொதுக்கூட்டத்தில் அந்தப் படம் காட்டப்பட்டது. அந்த நாளில் உலகில் உயிரோடிருந்த எந்த மனிதரும் வெள்ளிக் கடப்பைக் கண்டவர் அல்லர். 1882-இல் பார்த்தவர்கள் அனைவரும் மறைந்துவிட்டார்கள். 2004 இன்னும் வரவில்லை. வானத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் நிறைந்த அரங்கில், வெள்ளி சூரியன்மேல் நடப்பதை அவர்களுக்குக் காட்டியது டாட்டின் கண்ணாடிதான்.

2004 ஜூன் 8 கடப்பு இந்தியாவில் முழுதாகத் தெரிந்தது. ஹாமில்டன் மலைக்குத் தெரியவே இல்லை. 2012-இல் மலைக்கு முறை வந்தது. அன்று பிற்பகலில் வெள்ளி சூரியனுக்குள் நுழைந்தது. அது வெளியேறுமுன் சூரியன் மறைந்துவிட்டது. 1882-இல் அந்த மலை கடப்பின் முடிவை மட்டும் கண்டது. 130 ஆண்டுகள் கழித்துத் தொடக்கத்தை மட்டும் கண்டது. அதே கடப்பு தமிழ்நாட்டில் ஜூன் 6 காலையில் தெரிந்தது. சூரிய வடிகட்டிக் கண்ணாடி அணிந்து பள்ளி மைதானத்திலும் கடற்கரையிலும் நின்றவர்களுக்கு நினைவிருக்கும்: சூரியன் எழும்போதே அதன் முகத்தில் புள்ளி இருந்தது. டாட் கண்ட அதே காட்சி.

கொடைக்கானலின் சூரியன்கள்

இப்படி வானத்தைக் கண்ணாடியில் சேர்த்துவைத்த இடம் நம்மிடமும் உண்டு. கொடைக்கானல் சூரிய வானாய்வகம் 1904 முதல், மேகம் விட்ட நாட்களிலெல்லாம் சூரியனைப் படமெடுத்துவருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். நூற்றாண்டைத் தாண்டிய அந்தத் தகடுகளையும் பிலிம்களையும் இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்ணிமப் படங்களாக்கி ஆய்வாளர்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது.

டாட்டின் தகடுகள் ஒரு காலைப்பொழுதின் நகர்வு. கொடைக்கானல் தகடுகளை வரிசைப்படுத்தினால் கிடைப்பது தலைமுறைகளின் நகர்வு. ஏறத்தாழ பதினொரு ஆண்டுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் பெருகுவதும், நடுக்கோட்டை நோக்கி இறங்கிவருவதும், ஓய்வதும், மீண்டும் தொடங்குவதும் அதில் தெரியும். நூற்றாண்டைத் தாண்டி நீளும் அந்த இயக்கத்தை எந்த ஒரு மனிதரும் தம் வாழ்நாளில் முழுதாக நின்று பார்க்க முடியாது. 1904-இல் முதல் தகட்டை வைத்தவரும் நேற்று படமெடுத்தவரும் சந்தித்திருக்க வழியில்லை. இருவரும் ஒரே படத்தில் பணியாற்றியிருக்கிறார்கள்.

நம் கையில் இருக்கும் சட்டகங்கள்

இரவு வானத்தை இன்று டைம்லாப்ஸ் எடுப்பவர்கள் ஏராளம். முக்காலியில் கேமராவை நிறுத்தி, 20 அல்லது 25 நொடி ஒளிபாய்ச்சி, இரவெல்லாம் படமெடுக்கிறார்கள். 300 சட்டகங்களை நொடிக்கு 25 வீதம் ஓடவிட்டால் 12 நொடிப் படம். பால்வெளி மலைமுகட்டைத் தாண்டி எழுவது அதில் வரும். படம் முடிந்ததும் பலர் மூலச் சட்டகங்களை அழித்துவிடுகிறார்கள். சேமிப்பு வட்டில் இடம் வேண்டும். அடுத்த படம் காத்திருக்கிறது. வேலை முடிந்த பொருளாக அவை தோன்றுகின்றன. 1882-இன் தகடுகளும் அப்படித்தான் தோன்றின.

வானம் மாறிக்கொண்டிருக்கிறது. ஹாமில்டன் மலைக்குக் கீழே சான் ஹோசே வளர்ந்து, அதன் ஒளி வானாய்வகத்தின் இருட்டைத் தின்றது. தொலைநோக்கிகளைக் காப்பாற்ற அந்நகரம் 1980 வாக்கில் தெருவிளக்குகளைச் சோடிய விளக்குகளாக மாற்றியது. 2020 ஆகஸ்டில் காட்டுத்தீ மலையுச்சிவரை ஏறி வந்தது. ஆளில்லாத வீடொன்று எரிந்தது, தீயணைப்பாளர்கள் வானாய்வகத்தைக் காத்தார்கள். 2019 மே முதல் தாழ்வட்டப் பாதையில் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டுவருகின்றன. இரவுப் படங்களில் அவற்றின் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக விழுகின்றன. அதற்கு முன் யாரோ ஒருவர் கொல்லிமலையிலோ வால்பாறையிலோ எடுத்த சாதாரண டைம்லாப்ஸின் மூலச் சட்டகங்கள் இப்போதே ஆவணமாகிவிட்டன. அன்று அந்த வானத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று அவற்றால் சொல்ல முடியும். தொகுத்து மெருகேற்றிய 12 நொடிப் படத்தால் சொல்ல முடியாது.

ஆகவே இரவு வானத்தை எடுப்பவர்களிடம் நான் வலியுறுத்திக் கேட்பது இதுதான். மூலச் சட்டகங்களை வைத்திருங்கள். எந்த ஊர், எந்தத் திசை, எந்த நாள், எந்த நேரம், எந்த லென்சு என்று அவற்றோடு எழுதிவையுங்கள். கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதியை வேறு இடத்தில், முடிந்தால் ஒரு வானியல் மன்றத்திலோ கல்லூரியிலோ கொடுத்துவையுங்கள். 2117-இல் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடக்கும்போது பார்க்கப்போகிறவர்களுக்கு நம் வானத்தைப் பற்றி என்ன கேள்வி இருக்கும் என்று நம்மால் ஊகிக்க முடியாது. டாட்டாலும் முடியவில்லை. தகடுகளைச் சரியாக எடுத்தார், நேரம் குறித்தார். மற்றவர்கள் பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவ்வளவும் நம்மாலும் செய்யக்கூடியதே.